ஈசானிய மூலையில் ஒரு கை

மேட்டுக்காடு நகரின் கடைசி மனையில், ஈசானிய மூலையில், பூமிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பது நகரில் எல்லோருக்கும் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும், தெருநாய்களுக்கும் தெரியும், ஆகையால் மனை பார்க்க வந்த சௌந்தரத்திடம் அதை மறைத்துவைக்கத் தரகர் சென்னியப்பனுக்கு வழியே இருக்கவில்லை. அவர் முதலில் மேல் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காற்றைக் காட்டினார், பிறகு மலையைக் காட்டினார், பிறகு எல்லைக்கற்களைக் காட்டினார், காட்ட வேறொன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம் அந்த மூலையில ஒரு கை இருக்குதுங்க்கா, அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார்.

சௌந்தரம் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஆண்பிள்ளையின் வலது கை. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை வெளியே இருந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, விரல்களில் எண்ணெய் தடவிய மினுமினுப்பு, ஒழுங்காக வெட்டிய நகங்கள். உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்திருந்தது. அவள் கையை ஒருமுறை பார்த்தாள், மனையின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள், "இதுனாலதான் இந்த மனை விக்காமயே கெடக்குதா?" என்று கேட்டாள்.

"கையினால இல்லீங்க்கா. சரிவு ஒண்ணு. அப்புறம் சாக்கடைப் பாத்தியம்."

அது பொய்யில்லை. மலை வந்து இறங்குகிற இடத்தில், சோளக்காட்டையும் கல்லாங்குத்துத் தரிசையும் வெட்டிப் போட்ட நகர் அது. மேலே பேராசிரியர்களும் வக்கீல்களும் வட்டிக்கு விடுகிறவர்களும் வீடு கட்டினார்கள், அவர்கள் குளிப்பதும் கழுவுவதும் கழிப்பதும் தெருத்தெருவாக ஒன்றுசேர்ந்து, தடித்த ஒரே குழாயாகி, இந்தக் கடைசி மனையின் வயிற்றுக்குள் குறுக்காகப் புகுந்துதான் கீழே உள்ள சாலைக்குப் போயாக வேண்டும். அந்தக் குழாய் போகிற தடத்தின் மேல், இரண்டு கட்டில் போடுகிற அகலத்துக்கு, யாரும் சுவர் எழுப்பக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது. நகர்க்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து தோண்டிப் பார்க்கலாம். நிலம் உன்னுடையது, ஆனால் அதற்குள் ஓடுவது ஊருடையது. பாத்தியம் என்றால் அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஓடிப்போகிற நிலையில் சௌந்தரம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடு, லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிற புருஷன் நாச்சிமுத்துவின் சம்பளத்துக்கு ஏற்ற வாடகை வீடு, தண்ணீரைக் குடம் பார்த்து விட்ட வீட்டுக்காரர்கள், விருந்தாளி வந்தால் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்த வீட்டுக்காரர்கள். கடைசியாக இருந்த வீட்டில், முருகன் படம் போட்ட காலண்டரை மாட்ட ஓர் ஆணி அடித்தாள் என்பதற்காக, பூச்சு உதிர்ந்துவிட்டது என்று சொல்லி, மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். சட்டிபானை ஏற்றிய டெம்போவின் முன்னால் உட்கார்ந்து அந்தக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் சௌந்தரம். ஆசைப்பட்ட மட்டும் ஆணி அடிக்கிற சுவர் ஒன்று தனக்கு வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தவள்தான், அதற்குப் பிறகு வேறெதையும் அவள் பெரிதாக நினைக்கவில்லை.

அவள் ஏமாளி இல்லை. வெயிலில் ஒருமுறை வந்து மண்ணை உதிர்த்துப் பார்த்தாள், பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கடப்பாரையால் குத்திப் பார்த்தாள். மேல் ஓரத்தில் நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டாள், எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் மழைத் தண்ணியும் நிற்கும் என்பது அவள் கணக்கு. பழம் துள்ளித் துள்ளி உருண்டு நேராக அந்தக் கைக்குள் போய் விழுந்தது, விரல்கள் மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்துக் கை உள்ளே போய்விட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. தாகமாக இருந்திருக்கும் என்றார் சென்னியப்பன்.

மழையில் ஒருமுறை குடையோடு வந்தாள். மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் பாய்ந்து வந்துகொண்டிருந்தது, மேல்தெருக்களில் ஓடை உடைந்ததுபோல் ஓடியது, ஆனால் இந்த மூலையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை, குழாய்க்குள் சாக்கடை தங்கு தடையில்லாமல் விரைகிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. கை மட்டும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது; வருகிறபோதெல்லாம் ஒரு பிடி தலைமயிர், ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு கிழிந்த துணி என்று எடுத்து வெளியே போட்டது. சௌந்தரம் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள், நின்ற இடத்திலேயே இந்த மனையை வாங்குவதென்று முடிவு செய்தாள்.

வாஸ்துக்காரரையும் கூட்டிவந்தாள். ஈசானியத்தில் சாக்கடை மகா தோஷம் என்று ஆரம்பித்தவர், கையைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்து, அது வாங்குகிற கை, அது இருக்கிற வீடு கொடுக்கிற வீடாக இருக்கும், தோஷம் கழிந்தது என்று சொல்லிவிட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு போனார்.

கை வந்த கதை இதுதான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் குழாய் அடைத்துக்கொண்டது. மேல்தெரு வீடுகளில் போனதெல்லாம் திரும்பி வந்தது, ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோனது. காண்ட்ராக்டர் ஒருவர் நஞ்சான் என்கிறவனை அழைத்துவந்து, இடுப்பில் கயிறு கட்டி, அரை பாட்டில் வாங்கிக் கொடுத்து, இந்த மூலையில் குழாய்க்கு இறங்குகிற சேம்பர் குழியில் இறக்கினார். அடைப்பு விலகிவிட்டது, மேலே எல்லோரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், கயிற்றை இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. காண்ட்ராக்டர் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் கை வெளியே வந்திருந்தது.

ஆகா ஐயோ என்று யாரும் கூவவில்லை. எட்டிப் பார்த்தார்கள், பாவம் என்றார்கள், போலீசுக்குச் சொல்லலாமா என்று பேசினார்கள், உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குப் போலீஸ் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சேம்பரின் இரும்பு மூடி அதற்குள் திருட்டுப் போயிருந்தது, திறந்து கிடந்தால் குழந்தைகள் விழுந்துவிடும் என்று சங்கத்தில் கூடிப் பேசி, இரண்டு கடப்பாக் கற்களை வாங்கிப் போட்டு மூடினார்கள். கைக்கு உறுத்தக் கூடாதென்று நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்தும் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் பேராசிரியர் கனகசபாபதி, மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அது பழகிப்போனது. தினமும் காலையில் தெரு முறை வைத்துக் கைக்கு டீ கொடுத்தார்கள். டம்ளரில் இல்லை, பேப்பர் கப்பில். கொடுக்கிறபோது விரல் படாமல் கொடுத்தார்கள், அப்படிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. தீபாவளிக்கு மைசூர்பாகு வைத்தார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர் வந்து தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். வாஷ்பேசினில் விழுந்த தோடு, கக்கூசில் நழுவிய செல்போன், கிழவர் ஒருவரின் பல்செட், எது தொலைந்தாலும் மறுநாள் காலை அந்த உள்ளங்கையில் இருந்தது; இரண்டாம் தெரு அம்மாள் ஒருத்தி தாலிக்கொடியையே திரும்பப் பெற்று, மஞ்சள் தண்ணீரில் பதினெட்டுத் தரம் அலசிப் போட்டுக்கொண்டு, கைக்கு ஜிலேபி அனுப்பிவைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் உள்ளே போன நாளிலிருந்து அந்தக் குழாய் ஒருநாளும் அடைக்கவில்லை.

அவனை நஞ்சான் என்று பெயர் சொன்னது ஒரே ஒருத்திதான். அவன் பெண்சாதி சிட்டம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள், நகம் வெட்டுவாள், தேங்காயெண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள், கையைப் பிடித்துக்கொண்டு வெயில் சாயும் வரை உட்கார்ந்திருப்பாள். போகிறபோது எதிரில் வருகிற யாரிடமும் ஒரே பேச்சைத்தான் சொல்வாள்: தனியாளாக இழுத்தால் தோள் வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் தெம்பில்லை, இன்னொருத்தர் சேர்ந்து பிடித்தால் வந்துவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். நகர்க்காரர் ஒருத்தர் கூடக் குனியவில்லை.

பத்திரம் பதிகிறதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சௌந்தரம் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது சிட்டம்மா எழுந்து வந்தாள்.

"ஏனுங்கம்மா, இந்த எடத்தை நீங்கதான் வாங்கறீங்களாமா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நொம்ப நல்லதுங்க. சாமியாட்டம் வந்தீங்க. ரெண்டு பேர் இழுத்தா வந்துருமுங்க. சித்த ஒரு பக்கம் புடிங்க, போதும். வெளிய வந்ததும் நான் கூட்டிட்டுப் போயிர்றனுங்க, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

சௌந்தரத்துக்கு மனசு இளகத்தான் செய்தது. அவள் கல் இல்லை, தன் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் வந்தவள். ஆனால் டேப்பின் மறுமுனை இன்னும் எல்லைக்கல்லில் மாட்டியிருந்தது. "இன்னைக்கு இது இன்னொருத்தர் எடமம்மா. நான் எப்படிக் கை வைக்கறது? பத்திரம் முடியட்டும், என் பேருக்கு வரட்டும், அப்பப் பாக்கலாம்" என்றாள்.

சிட்டம்மா அதை நம்பினாள். மூலைக்குத் திரும்பிப் போய்க் குனிந்து கையிடம் அதைச் சொன்னாள், கை அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டது.

சௌந்தரம் பேரம் பேசியதைச் சென்னியப்பன் ரொம்ப நாள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சரிவைக் காட்டி ஒருமுறை குறைத்தாள், பாத்தியத்தைக் காட்டி ஒருமுறை குறைத்தாள், ஒரு மனுசன் கை நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் பேரன்பேத்தி எடுக்க முடியுமா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்து இன்னொருமுறையும் குறைத்தாள். எல்லாம் குறைந்து முடிந்து பத்திரம் எழுத உட்கார்ந்தபோது, அதே வாயால், கை இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும், விற்கிறவர் அதை எடுத்துப் போகக் கூடாது, அதைப் பத்திரத்தில் போட வேண்டும் என்றாள். எழுதுகிறவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாமூல் தடபாத்தியங்கள் கை ஒன்று உள்பட என்று எழுதினார்.

கனகசபாபதி வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்தார். "உங்களுக்குத் தெரியாததில்லம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு லாரி டிரைவர், இந்த ஊர் ஆளில்ல, அந்தப் பொம்பள அழறதைப் பாத்துட்டு ஒரு பக்கம் புடிச்சு இழுத்துட்டான். தல வெளிய தெரியற வரைக்கும் வந்துருச்சு. அந்த நிமிஷமே மேல மூணு தெருவுலயும் கக்கூசெல்லாம் களகளன்னு மேல ஏற ஆரம்பிச்சிருச்சு. நாங்க ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு விடச் சொன்னோம். உள்ள போனதும் எல்லாம் சரியாப் போச்சு."

"அப்படீங்களா."

"எங்களுக்காவது மேடு. அடைச்சா முதல்ல பொங்கறது எங்கன்னு நெனைக்கறீங்க? பள்ளத்துலதான். உங்க வீட்டுலதான்."

சௌந்தரம் காபியைக் குடித்து முடித்தாள். அவள் மழையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் அவர் சொன்னார், ஆனாலும் படித்தவர் வாயால் கேட்கிறபோது அது நியாயமாகவும் இருந்தது.

மனை சரிவாக இருந்தால் கட்ட முடியாது. கீழே தாங்குசுவர் எழுப்பி, டிப்பர் டிப்பராக மண் கொட்டி, மேல் ஓரத்து மட்டத்துக்குத் தூக்க வேண்டும். சேம்பரையும் செங்கல் வைத்து அதே மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். மண் ஏறினால் கை என்னாகும் என்று நாச்சிமுத்து என்ஜினீயரைக் கேட்டார். "அதும் ஏறி வந்துருமுங்க சார், அதுக்கு வெளிச்சம் வேணுமில்ல" என்றான் அவன். மண் ஏறுகிற செய்தி சிட்டம்மாவுக்கும் போயிருந்தது. ஆள் உயரத்துக்கு மண் ஏறிவிட்டால் அவன் இன்னும் ஆள் உயரம் கீழே போய்விடுவான், பிறகு இரண்டு பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். ஒருத்தரே கிடைக்காத ஊரில் நான்கு பேருக்கு எங்கே போவாள்.

பூமி பூஜை அன்று காலை அவள் வந்துவிட்டாள். ஈசானிய மூலையில்தான் முதல் குழி வெட்ட வேண்டும் என்பதால், பாத்தியத் தடத்தை ஒட்டிக் குழி வெட்டி, மஞ்சள் பூசிய செங்கல்லை அடுக்கி, நவதானியம் போட்டு, பாலூற்றியிருந்தார்கள். வந்தவர்கள் பந்தலில் கேசரி சாப்பிடப் போனார்கள். சௌந்தரம் புதுச்சேலையோடு குழிக்கரையில் தனியாக நின்று, இது என் மண் என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டம்மா காலில் விழவில்லை. கடப்பாக் கற்களை ஒவ்வொன்றாகத் தானே தள்ளி ஒதுக்கிவிட்டு, நஞ்சானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப உங்க எடமுங்க."

சௌந்தரம் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். சொன்ன சொல் ஒன்று பாக்கி இருந்தது. பந்தலைத் திரும்பிப் பார்த்தாள், யாரும் கவனிக்கவில்லை, குனிந்தாள், பிடித்தாள். அந்த ஊரில் அந்தக் கையைத் தொட்ட இரண்டாவது பெண் அவள். தொட்டதும் உள்ளங்கை பழக்கத்தில் குழிந்தது, டீக்கு விரிவதைப்போல. பிறகுதான் இது கப் இல்லை, கை என்று தெரிந்துகொண்டு இறுகப் பற்றியது. சூடாக இருந்தது. சூடாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டு பேரும் இழுத்தார்கள். முழங்கை வந்தது, தோள் வந்தது, சடை பிடித்த தலைமயிர் வந்தது, நெற்றி வந்தது, வெளிச்சம் தாங்காமல் இறுக மூடிய கண் இரண்டும் வந்தன. "விட்றாதீங்க்கா" என்று அவன் சொன்னான். அவனுக்கு அவள் யாரென்று தெரியாது, ஆனால் அக்கா என்றுதான் சொன்னான்.

அப்போது மேலே முதல் தெருவில் ஒரு கக்கூஸ் களகளத்தது. பிறகு இரண்டாம் தெருவில், பிறகு மூன்றாம் தெருவில். பந்தலில் பேச்சு நின்றது. குழிக்குள் அடுக்கிய மஞ்சள் செங்கல்லின் இடுக்கில் கறுப்பாக ஏதோ கசிந்தது, கசிந்து ஊறியது, நவதானியம் மிதந்தது, பாலின் வெள்ளை மறைந்தது. சௌந்தரம் அதைப் பார்த்தாள். தன் சமையலறை மிதப்பதைப் பார்த்தாள், ஊறி உதிர்கிற சுவரைப் பார்த்தாள், ஆணி அடித்த இடத்திலிருந்து காலண்டர் கழன்று விழுவதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. கனமான பையைச் சற்று இறக்கிவைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொள்கிற மாதிரி, கையை விட்டாள்.

சிட்டம்மா விடவில்லை. தனியாக அவனைத் தாங்கிக்கொண்டு, மார்பு வரை சேம்பருக்குள் இழுபட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவளும் உள்ளே வந்துவிடப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன்தான் விரல்களைத் திறந்தான்.

குழியில் ஊறியது உடனே வடிந்துவிட்டது. வேறு செங்கல், வேறு நவதானியம், மறுபடி கொஞ்சம் பால். ஐயர் தீட்டுக் கழிக்க ஒரு மந்திரம் சொன்னார். கனகசபாபதி சௌந்தரத்தைத் தட்டிக்கொடுத்து, "பதட்டத்துல எல்லாருக்கும் வர்றதுதாம்மா. சமயத்துல விட்டீங்களே, அதுதான் பெரிசு" என்றார்.

சிட்டம்மா வீட்டுக்குப் போகவில்லை. சேம்பர் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கை அதற்குப் பிறகு மேலே வரவில்லை, மூன்றாம் தெருக்காரர் வைத்த டீ ஆறிப்போய் எறும்பு மொய்த்தது. டிப்பர் வந்து மண் கொட்ட ஆரம்பித்த அன்று, ஓட்டுகிறவர் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்தார், அவள் எழுந்திருக்கவில்லை. மேலேயிருந்து இழுக்க ஆள் இல்லை என்றால் கீழேயிருந்து தள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். கொத்தனார் மத்தியானம் சேம்பருக்குச் செங்கல் வைக்க வந்தபோது அவளுடைய ரப்பர் செருப்பு இரண்டும் ஓரத்தில் சேர்த்து வைத்திருந்தது, அவள் இல்லை. உள்ளே இறங்கிவிட்டாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. கொத்தனார் சௌந்தரத்தைப் பார்த்தார், சௌந்தரம் என்ஜினீயரைப் பார்த்தாள், என்ஜினீயர் வானத்தைப் பார்த்து மழை வந்துவிடும் என்றான். கலவை இறுகுவதற்குள் வேலையை முடித்து, பழைய கடப்பாக் கற்களையே மேலே போட்டார்கள்.

வீடு அழகாக வந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் அதுதான் நகரிலேயே எடுப்பான வீடு. கிரகப்பிரவேசத்தன்று சௌந்தரம் ஒரு டப்பா நிறைய ஆணி வாங்கிவந்து தன் கையாலேயே அடித்தாள், முருகன் காலண்டருக்கு ஒன்று, கல்யாணப் போட்டோவுக்கு ஒன்று, மாட்ட ஒன்றும் இல்லாத சுவரிலும் நான்கைந்து. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. சாக்கடை முன்னைவிட வேகமாக ஓடியது. உள்ளே இப்போது இரண்டு பேர் இருக்கிறார்களே, இருக்காதா பின்னே என்று பந்தியில் யாரோ சொல்ல, இலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கை வெளியே வந்திருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை.

அன்றைக்கு முறை சௌந்தரத்துடையது. தன் வீட்டு வாசலில், தன் மண்ணில், முதல் டீயைத் தானே கொடுக்க வேண்டும் என்று பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டு போனாள். குனிந்து, விரல் படாமல் நீட்டினாள். வளையல் கை கப்பைத் தொடவில்லை, அதைத் தாண்டி வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கப் விழுந்து டீ கடப்பாக் கல்லில் ஓடியது.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், கை விடவில்லை. இழுக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. சந்தைக் கூட்டத்தில் ஒரு பொம்பளை இன்னொருத்தியைத் தொலைத்துவிடாமல் பிடித்துக்கொள்கிற அளவுக்குத்தான் பிடித்திருந்தது. கல்லுக்குக் கீழேயிருந்து சிட்டம்மாவின் குரல் வந்தது. "ஏனுங்கம்மா, இன்னொருத்தர் மட்டும் வந்தா போதுமுங்க. கீழ அவரு தள்றாருங்க. மேல ரெண்டு பேர் புடிச்சா வந்துருவமுங்க."

"ஏனுங்க! இங்க ஓடி வாங்க!" என்று சௌந்தரம் கத்தினாள்.

நாச்சிமுத்து ஓடிவந்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தும்விட்டார். அதற்குள் அவர்களுடைய புதுக் கக்கூஸ் களகளத்தது. அவர் அப்படியே நின்றார். வர்ணம் காயாத சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலுக்குள் தெரிந்த காலண்டரைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து வேட்டியை இறக்கிவிட்டார். "இரு சௌந்தரம், யாரையாச்சும் கூட்டியாறேன்" என்றார்.

எல்லோரும் வந்தார்கள். பாவம் என்றார்கள். கனகசபாபதி நிலைமையை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்துவிட்டு, அவசரப்பட்டு எதுவும் செய்துவிடக் கூடாது என்றார். சாயங்காலத்துக்குள் ஒரு நாற்காலி வந்தது, வெயிலுக்கு ஒரு தகரம் போட்டார்கள், கல் உறுத்தாமல் இருக்க ஓட்டையின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது பாத்தியத் தடத்தில் யாரும் எதையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது என்றுதான் இருந்தது, உட்காரக் கூடாது என்று இல்லை.

சௌந்தரம் நாச்சிமுத்துவைத் திட்டினாள், கெஞ்சினாள், அழுதாள். "புடிங்க, ஒரே இழுவதான், சூடா இருக்குதுங்க அந்தக் கை, உசுரு இருக்குதுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிடிபடாத கை அவளுக்கு ஒன்று மிச்சமிருந்தது, அதை அவர்களைப் பார்த்து நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் நாச்சிமுத்து எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார், இன்னொரு கையால் அவள் நெற்றியில் விழுந்திருந்த மயிரையும் ஒதுக்கிவிட்டார். பக்கத்து வீட்டம்மா மதில் மேலிருந்து அதைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், சமையலறைக்குள் கொண்டுபோகாமல் வெளிக்குழாயடியில் கவிழ்த்து வைத்தார், பிறகு போய்க் குளித்தார்.

அதற்கு அடுத்த நாள் கதவு திறக்கிற சத்தம் கேட்டு, சௌந்தரத்தின் கை தன்னால் மல்லாந்து குழிந்தது. நாச்சிமுத்து தட்டில் இரண்டு பேப்பர் கப் வைத்துக் கொண்டுவந்தார். ஒன்றைக் கடப்பாக் கல்லின் மேல் வைத்தார். இன்னொன்றை விளிம்பில் பிடித்து, விரல் படாமல், அவள் உள்ளங்கையில் வைத்தார்.